இட்டேரிக் கரையை முழுசா வழிச்சுடாதீங்க: நம்ம பஞ்சாயத்துக்கு ஒரு திறந்த மடல்

வணக்கங்க.

பிரசிடெண்ட் அம்மாவுக்கும், வார்டு மெம்பர்மாருக்கும், க்ருஷி பவன் (விவசாய ஆபீஸ்) ஆபீசர் சாருக்கும், அப்புறம் தொழிலுறப்பு (வேலை உறுதித் திட்டம்) வேலைக்கு மண்வெட்டியும் அரிவாளும் எடுத்துட்டு வர்ற எங்க அக்கா தங்கச்சிகளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதறேன். போன கிராம சபாவுல எந்திரிச்சு நின்னேன், மலையாளம் பாதி தமிழ் பாதின்னு நான் பேசி முடிக்கறதுக்குள்ள அடுத்த விஷயத்துக்குப் போயிட்டாங்க. சரி, எனக்கு வர்ற பாஷையில, நிதானமா, எல்லாரும் படிக்கற மாதிரி எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

விஷயம் நம்ம இட்டேரி. வெளியூர்ல இருந்து படிக்கறவங்களுக்குச் சொல்லிடறேன், இட்டேரின்னா ரெண்டு காட்டுக்கு, அதாவது விவசாய நிலத்துக்கு, நடுவுல மாட்டு வண்டி போற தடம், ரெண்டு பக்கமும் இடுப்பளவு மண் கரை, கரை மேல கிளுவை வேலி, அதுல பிரண்டை, கோவை, வேலிப்பருத்தி, முடக்கத்தான் எல்லாம் பின்னிக் கிடக்கும், அடியில தும்பை, துத்தி, கொழிஞ்சி, நடுவுல நடுவுல ஆவாரம், எருக்கு, ஒத்தைப் பனை. கொங்கு நாட்டுப் பக்கம் எல்லா ஊர்லயும் இருந்துது. எல்லைக்கு இந்தப் பக்கம் பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுக்காவுல, அதாவது எங்க பக்கமும், எங்க பாட்டன் காலத்துல இருந்து இருக்குது. எங்க இட்டேரி ஓடற தூரத்துல பாதி கேரளா, பாதி தமிழ்நாடு. அங்க பொள்ளாச்சி பஸ் ஹார்ன் அடிச்சா இங்க கேக்கும்.

போன மாசி மாசம், மார்ச் 31க்குள்ள ஃபண்டை முடிக்கணும்னு ஜேசிபி வந்துச்சு. ரோடு அகலம் பண்றதுக்கு கிழக்குக் கரையை ஒரே காலையில வழிச்சு எடுத்துட்டாங்க. வேலி வேரோட போச்சு, கரை மண்ணை டிப்பர்ல அள்ளி வேற எங்கியோ ரொப்பறதுக்குக் கொண்டு போனாங்க. நான் அன்னிக்கு கத்திரிக்காட்டுல தண்ணி கட்டிட்டு இருந்தேன், சத்தம் கேட்டு ஓடிப் போறதுக்குள்ள பாதி முடிஞ்சுது. அங்க நான் பாத்ததைத்தான் முதல்ல சொல்லணும். கரை இருந்த இடத்துல, இப்ப வெறும் காத்து இருக்கற இடத்துல, இடுப்பு உயரத்துல ஒரு முப்பது நாப்பது தேனீக அங்கயும் இங்கயும் பறந்துட்டே இருந்துச்சுங்க. எங்கயும் உக்காரல. ஒரு இடத்துக்கு வரும், நிக்கும், பின்னால போகும், மறுபடி அதே இடத்துக்கு வரும். காலெல்லாம் மஞ்சள் மகரந்தம் அப்பியிருந்துது. மதியம் வரைக்கும் அப்படியே. ஜேசிபி ஓட்டுன தம்பிகூட வண்டியை நிறுத்திட்டு "என்னக்கா இது, கூடு எங்கயும் காணமே, எங்கிருந்து வருது இதெல்லாம்"னு கேட்டான். கூட்டைத்தான் அவன் ஒரு மணி நேரம் முன்னால டிப்பர்ல ஏத்தி அனுப்பியிருந்தான், அந்தப் பையனுக்குத் தெரியாது, அவனைக் குத்தம் சொல்ல முடியாது.

அதைப் பத்தி நான் போய்ச் சொன்னப்ப ஆபீஸ்ல எனக்குக் கிடைச்ச பதில், "தேனீக்குத்தான் திட்டத்துல பெட்டி குடுத்துட்டு இருக்கோமே, வேணும்னா உங்களுக்கும் ஒண்ணு எழுதிக்கறோம்." அந்தப் பதில்தான் என்னை இந்த மடலை எழுத வெச்சுது. பெட்டியில வாழற தேனீ வேற, இட்டேரிக் கரையில வாழற தேனீ வேறங்க. இந்த ஒரு வித்தியாசம் மட்டும் நம்ம ஆபீஸ்ல எல்லாருக்கும் புரிஞ்சுட்டா மீதி வேலை சுலபம்.

நமக்குத் தேனீன்னா அடுக்குத்தேனீ, மலைத்தேனீ, கொம்புத்தேனீ, கொசுத்தேனீ, இவ்வளவுதான் ஞாபகம் வரும், எல்லாம் கூட்டமா வாழறது, தேன் எடுக்கறது. ஆனா உலகத்துல இதுவரைக்கும் பேர் வெச்ச தேனீ வகை 20,000க்கு மேல, நம்ம நாட்டுல மட்டும் 700க்கு மேல இருக்குது. அதுல பெரும்பாலானது ராணி, வேலைக்காரி, கூட்டம்னு எதுவும் இல்லாம தனியா வாழறது. ஒவ்வொரு பொண்ணும் தானே வளை தோண்டி, தானே மகரந்தம் கொண்டாந்து, தானே முட்டை வெச்சு, தானே மூடிட்டுப் போயிடும். அதுகளுக்குத் தேன் சேத்து வெக்கற பழக்கம் இல்ல, அதனால நம்ம ஆளுக கண்ணுல படவே இல்ல. தேனீ வகையில முக்கால்வாசிக்குக் கிட்ட மண்ணுக்குள்ளதான் கூடு வெக்குது. மீதி, காஞ்ச குச்சி, மூங்கில், பட்ட மரத்துத் துளை, சுவத்து ஓட்டை.

எங்க கரையில இருந்தது பெரும்பாலும் நீலப்பட்டைத் தேனீ. வயித்துல கருப்பும் நீலமும் மாத்தி மாத்தி பட்டை, வெயில் பட்டா அந்த நீலம் மயில் கழுத்து மாதிரி மின்னும். ஒரு தைமாசக் காலையில கரைக்கு எதிர்ல சாக்கைப் போட்டு உக்காந்து முழுசா பாத்திருக்கேன். சுண்டுவிரல் நுழையாத ஒரு ஓட்டை. பொண்ணு தேனீ தலையை உள்ள விட்டு மண்ணைக் கெல்லி, பின்னங்காலால வெளிய தள்ளுது, தூள் மண்ணு ஓட்டைக்குக் கீழ நாக்கு மாதிரி ஒழுகிக் கிடக்குது. ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா வெளிய வந்து முன்னங்காலால முகத்தைத் துடைச்சுக்கும். பத்து மணிக்கு மேல மண் சுமக்கறதை விட்டுட்டு மகரந்தம் சுமக்க ஆரம்பிச்சுது. உள்ள சின்னச் சின்ன அறை இருக்கும், நெல்லு கொட்டி வெக்கற குதிர் மாதிரி வழவழன்னு உள்பக்கம் மெழுகி வெச்சிருக்கும். ஒரு அறைக்கு வேண்டிய மகரந்தமும் தேனும் சேர்த்து குழைச்சு வெச்சு, அது மேல ஒரே ஒரு முட்டை, அப்புறம் மூடி. ஒரு பொண்ணு வாழறது சில வாரம்தான், அதுக்குள்ள அது வெக்கற முட்டை பத்தோ இருபதோ, ரொம்பப் போனா கொஞ்சம் கூட. பெட்டித் தேனீ ராணி ஒரு நாளைக்கே நூத்துக்கணக்குல முட்டை வெக்கும். அதனால பெட்டித் தேனீக்கு ஒரு நஷ்டம் வந்தா மறுபடி தலை தூக்கிடும், இதுக்கு ஒரு கரை போச்சுன்னா ஒரு தலைமுறை போச்சு.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல டார்ச் எடுத்துட்டு எங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போய் ஒண்ணு காட்டுவேன். வளை தோண்டறது பொண்ணு தேனீ, அது ராத்திரி வளைக்குள்ள இருந்துக்கும். ஆண் தேனீக்கு வீடே கிடையாது. பொழுது சாஞ்சதும் ஏழெட்டு ஆணுக ஒரே காஞ்ச புல்லுத் தண்டைத் தேடி வந்து, வாயால கடிச்சுப் பிடிச்சுக்கிட்டு, காலைத் தொங்கப் போட்டுட்டு வரிசையா தூங்கும். அந்தப் புல்லுத் தண்டைத்தான் நாம "காடா கிடக்குது, சுத்தம் பண்ணு"ன்னு சொல்றோம்.

இப்ப கத்திரிக்கு வர்றேன், ஏன்னா குடும்பஸ்ரீ அயல்கூட்டத்துல (பொம்பளைங்க சுய உதவிக் குழுவுல) நாங்க எத்தனை பேரு கத்திரி, தக்காளி, மொளகாய் போட்டு வேலந்தாவளம் சந்தைக்கு ஏத்தறோம்னு உங்களுக்கே தெரியும். கத்திரிப்பூ நடுவுல மஞ்சளா குழல் குழலா நிக்குதில்லையா, மகரந்தம் அந்தக் குழலுக்குள்ள இருக்குது, நுனியில மட்டும் சின்ன ஓட்டை. உப்பு டப்பா மாதிரி, குலுக்குனாத்தான் கொட்டும். நீலப்பட்டைத் தேனீ வந்து அந்தக் குழல்களைக் கட்டிப் பிடிச்சு, றெக்கையை அசைக்காம உடம்பை மட்டும் அதிர வைக்கும், பக்கத்துல நின்னா "ஸ்ஸீங்... ஸ்ஸீங்"னு விட்டு விட்டு ஒரு சத்தம் கேக்கும், பறக்கற சத்தத்தை விட ஒசந்த சத்தம். மகரந்தம் அது வயித்துல கொட்டும். பெட்டித் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. நூறு பெட்டி வெச்சாலும் தெரியாது. நீலப்பட்டையும், பெரிய கருவண்டு மாதிரி இருக்கற தச்சன் தேனீயும், இன்னும் சில மண்ணுத் தேனீகளும்தான் இதைப் பண்ணும். ஆவாரம்பூவும் இதே மாதிரி குலுக்கற பூதான், பொங்கலுக்கு காப்புக் கட்ட வேப்பிலை பூளைப்பூவோட நாம ஒடிக்கறோமே அதே ஆவாரம். கத்திரி காத்துக்கும் கொஞ்சம் பிஞ்சு பிடிக்கும், முழுக்கத் தேனீயாலதான்னு நான் பொய் சொல்ல மாட்டேன், ஆனா அது வந்து போன பூவுல பிஞ்சு நல்லாவும் பிடிக்கும், காயும் தெரட்சியா வரும். ஐரோப்பாவுல கண்ணாடி வீட்டுக்குள்ள தக்காளி போடறவங்க 1980கள் கடைசியில இருந்து இந்தக் குலுக்கற வேலைக்குன்னே பம்பிள்பீன்னு ஒரு தேனீயைக் கூட்டோட காசு குடுத்து வாங்கி வெக்கறாங்க. நமக்கு அந்த வேலையை இட்டேரிக் கரை சும்மா பண்ணிக் குடுத்துட்டு இருந்துது.

இந்த வருசம் என் காட்டுல அந்த ஸ்ஸீங் சத்தம் குறைஞ்சு போச்சுங்க. காய் குறைஞ்சதுக்கு வெயிலும் காரணம், அதையும் சேத்துத்தான் சொல்றேன். ஆனா காலையில பூ பறிச்சுப் பாக்கறப்ப குழலுக்குள்ள மகரந்தம் அப்படியே இருக்குது, யாரும் வந்து எடுக்கல.

"அங்க இல்லைன்னா வேற பக்கம் போகாதா"ன்னு ஒரு மெம்பர் கேட்டாரு. நல்ல கேள்வி. இந்தச் சின்னத் தேனீகள்ல பல வகை கூட்டை விட்டு 150 மீட்டர்ல இருந்து 600 மீட்டருக்குள்ளதான் போய் வரும். எங்க கத்திரிக்காட்டுல இருந்து அந்தத் தூரத்துக்குள்ள இட்டேரியை விட்டா வேற உழாத மண்ணு எங்க இருக்குன்னு சொல்லுங்க. எங்க அப்பாரு காலத்துல இந்தப் பக்கம் சோளம், நிலக்கடலை, பருத்தி, அறுத்ததுக்கப்புறம் காடு சும்மா கிடக்கும், பொழி வரப்பெல்லாம் புல்லு. இப்ப ஒரு பக்கம் தென்னந்தோப்பு, ஒரு பக்கம் மா, தோப்புக்கு அடியில வருசத்துக்கு நாலு தடவை ரோட்டாவேட்டர். தேனீ வளைக்குள்ள முட்டை வெக்கற அறை பெரும்பாலும் ஒரு சாணுக்குள்ள, சிலது ரெண்டு சாண் ஆழத்துல, அதனால மேலாக இருக்கறது உழவுலயே போயிடும். உழவு விட்ட இடத்துல களைக்கொல்லி. கிளைபோசேட் விக்கறதுக்கு கேரளாவுல 2019லயே தடை போட்டாங்க, ஆனா எங்க ஊர்ல தடத்து ஓரமெல்லாம் வெந்து பழுப்பா கிடக்கறதை நீங்களே வண்டியில போறப்ப பாக்கறீங்க. வயலை ரொப்பக் கூடாதுன்னு 2008ல நெல்வயல் சட்டம் வந்துச்சு, வயலுக்கு ஒரு காவல் இருக்குது. வரப்புக்கும் இட்டேரிக்கும் அப்படி ஒரு காவலும் இல்ல.

போகலாம்னாலும் அதுக்கு எப்படித் தெரியும் எங்க போறதுன்னு. நெதர்லாந்துல நிக்கோ டின்பர்கன்னு ஒருத்தர், பின்னால 1973ல நோபல் பரிசு வாங்குனவரு, 1930 வாக்குல மணல்ல வளை தோண்டற ஒரு குளவியை வெச்சு ஒரு சோதனை பண்ணாரு. குளவி உள்ள இருக்கறப்ப வளையைச் சுத்தி பைன் மரத்துக் காயை வட்டமா அடுக்கி வெச்சாரு. குளவி வெளிய வந்து மேல ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு வேட்டைக்குப் போச்சு. அது போனதும் அந்தக் காய் வட்டத்தை அப்படியே கொஞ்சம் தள்ளி வெச்சுட்டாரு. திரும்பி வந்த குளவி வளைக்குப் போகல, காய் வட்டத்துக்கு நடுவுல இறங்கித் தேடுச்சு. தன் வளை எங்கன்னு அது சுத்தியிருக்கற கல்லு, செடி, மேடு இதை வெச்சுத்தான் ஞாபகம் வெச்சுக்குது. அன்னிக்கு மாசி மாசம் காலெல்லாம் மகரந்தத்தோட காத்துல தேடிட்டு இருந்தது அதுதாங்க. கிளுவை இல்ல, பனங்கன்னு இல்ல, கரையே இல்ல.

குளவின்னு சொன்னதும் தீப்பந்தம் எடுக்கறவங்க இருக்காங்க, அதுக்காக இதையும் எழுதிடறேன். கூட்டமா தென்னையில, பாறையில கூடு கட்டற கதண்டு, மலையாளத்துல கடன்னல், அது ஆபத்துதான், அதுல உயிர் போன வீடும் உண்டு, ஃபயர் சர்வீஸைக் கூப்பிடறதுதான் சரி. ஆனா வீட்டு மூலையில "ங்ங்ங்"னு ரீங்காரம் போட்டுட்டே மண்ணு அப்பற ஒத்தைக் குளவி வேற ஜாதி. கூட்டைக் காக்கறதுக்குன்னு அது மனுசனைத் துரத்தாது, கையில பிடிச்சு அமுக்குனாத்தான் கொட்டும். எங்க ஆத்தா குளவிக் கூட்டை இடிக்க விட மாட்டாங்க, வீட்டுல குளவி கூடு கட்டுனா யாரோ உண்டாகி இருக்காங்கன்னு அர்த்தம்பாங்க. "குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்"னு பழமொழி இருக்குதில்லையா, பழைய ஆளுக பாத்தது சரிதான், புழுவை உள்ள கொண்டு போகுது, கொஞ்ச நாள் கழிச்சு குளவி வெளிய வருது. நடுவுல நடக்கறது என்னன்னா, குளவி புழுவைக் கொட்டி அசையாம பண்ணி, கூட்டுக்குள்ள அடுக்கி, முட்டை வெச்சு மூடிடும். உள்ள பொரிக்கற குஞ்சு, கெட்டுப் போகாம உயிரோட கிடக்கற அந்தப் புழுவைத் தின்னு வளந்து குளவியா வரும். பானை மாதிரி கூடு கட்டற குளவி இலை தின்னற பச்சைப்புழுவைப் பிடிக்கும், சுவத்துல அப்பற குளவி எட்டுக்கால் பூச்சியைப் பிடிக்கும், மண்ணுல வளை தோண்டறதுல சிலது வெட்டுக்கிளி, சிலது சில்வண்டு. மண்ணைக் கிண்டி வேர்ப்புழுவையே தேடிப் போய் முட்டை வெக்கற மயிர்க் குளவியும் இருக்குது. மலையாளத்துல இந்த ஒத்தைக் குளவிக்கு வேட்டாளன்னு பேரு, வேட்டை பேர்லயே இருக்குது. சுவத்துக் குளவியில ஒரு வகைக்கு 1781லயே நம்ம மெட்ராஸ் பேரைச் சேத்து மதராஸ்பட்டணம்னு அறிவியல் பேர் வெச்சிருக்காங்க. அவ்வளவு காலமா நம்ம கூடவே இருக்கறது. கத்திரியில புழு, தென்னையில வண்டுன்னு மருந்துக்குக் காசு செலவு பண்ற நாமதான் இதுகளோட வளையையும் வழிச்சு எடுக்கறோம்.

இனி காலம். இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம், ஏன்னா உங்க வேலை எந்த மாசம் நடக்குதுங்கறதுதான் எல்லாத்தையும் தீர்மானிக்குது.

நம்ம பக்கம் மழை கம்மி. ஆனி ஆடியில இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) மேற்க கொட்டித் தீர்க்கும், நமக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியா காத்துதான் அதிகம், தூறல். ஐப்பசி கார்த்திகையில நமக்கு நல்ல மழை. அந்த மழைக்கு முளைச்ச தும்பை, துத்தி, கொழிஞ்சி, ஆவாரம் எல்லாம் மார்கழி, தை, மாசியில பூத்துக் கிடக்கும், மண்ணு காஞ்சு தோண்டறதுக்குப் பதமா இருக்கும். அப்பத்தான் கரை முழுக்க வளை நிறையுது. பங்குனி சித்திரையில பூ கம்மி, வெயில் ஏறிடும், வளைக்குள்ள குஞ்சு வளந்து அப்படியே காத்துட்டு இருக்கும். சித்திரைக் கோடை மழை பெஞ்சு நாலு நாள் கழிச்சுப் பாருங்க, மூடியிருந்த மண்ணுல புதுசா ஓட்டை விழுந்திருக்கும். மார்ச் ஃபண்டு வேலை நடக்கறது வளை நிறைஞ்சு மூடுன அதே நேரத்துல. வெளிய பாத்தா ஒண்ணுமே இல்ல, வெறும் மண்ணு. உள்ள அடுத்த வருசத்துக்கு உண்டானது எல்லாம் இருக்குது. குதிர்ல விதை நெல்லு இருக்கறப்ப அதையே இடிக்கற மாதிரி.

ஏன் கரையிலயே வெக்குதுன்னும் யோசிச்சுப் பாத்தேன். சமதரைன்னா மழைத் தண்ணி தேங்கும், ஈரத்துல மகரந்த உருண்டை பூசணம் பிடிக்கும். சரிவான கரையில தண்ணி வழிஞ்சு போயிடும். கிழக்குக் கரையில மேற்கு வெயில், மேற்குக் கரையில காலை வெயில், ஆளுக்கொரு பக்கம். 2018 ஆகஸ்டு மழையில எங்க காடு பத்து நாள் சொதசொதன்னு கிடந்துது, அதுக்கப்புறமும் கரையில வளை திறந்துச்சு. 2024 ஏப்ரல் கடைசியில பாலக்காட்டுல 41 டிகிரி தாண்டி வெப்ப அலைன்னு சொன்னாங்களே, அந்த வாரமும் கிளுவை நிழல் விழற பக்கம் நாலு தேனீயைப் பாத்தேன். நிழலும் வெயிலும் மேடும் சரிவும் ஒரே இடத்துல இருக்கறதாலதான் எந்த வருசம் எப்படி இருந்தாலும் ஒரு மூலையிலயாவது தப்பிக்குது. மழை பொய்க்கற பாலைவன நாட்டுல சில தேனீக்குஞ்சு அந்த வருசம் வெளிய வராம மண்ணுக்குள்ளயே அடுத்த வருசம் வரைக்கும் காத்திருக்கும்னு கண்டுபிடிச்சிருக்காங்க. நம்ம கரையில எது எத்தனை நாள் காத்திருக்குன்னு யாரும் எண்ணிப் பாக்கல, எண்ணறதுக்கு கரை இருக்கணும்.

இப்ப ரோட்டைப் பத்தி. ரோடு வேண்டாம்னு நான் சொல்லலைங்க. மழையில எங்க மாமியாரைத் தூக்கிட்டு அந்தத் தடத்துல நடந்தது நான்தான், பால் வண்டி மாட்டிக்கிட்டதையும் பாத்திருக்கேன். அகலம் பண்ணுங்க, ஒரு பக்கமா பண்ணுங்க. கிழக்குக் கரை போயாச்சு, மேற்குக் கரையைத் தொடாதீங்க. எஸ்டிமேட்டுல மேற்குப் பக்கமும் கருங்கல் தடுப்புச் சுவர்னு எழுதியிருக்குன்னு ஓவர்சியர் சொன்னாரு. தண்ணி அரிக்கற அந்த ரெண்டு வளைவுல மட்டும் கல்லு வெச்சாப் போதும், மீதி கரை எங்க அப்பாரு காலத்துல இருந்து கிளுவை வேரு பிடிச்சுத்தான் நிக்குது, ஒரு மழைக்கும் சரியல. கல்லு, கான்கிரீட்டு வெச்ச இடத்துல ஒரு தேனீயும் தோண்ட முடியாது. கிழக்குப் பக்கம் மிச்சம் இருக்கற மண்ணை வெட்டி சமமாக்காம, சரிவா விட்டு கிளுவைக் குச்சி நட்டாப் போதும், ஆடியில நட்டா பிடிச்சுக்கும், குச்சி நாங்களே தர்றோம்.

அக்கா தங்கச்சிகளுக்கு. தொழிலுறப்புல "காடு வெட்டித் தெளிக்கறது"ன்னு, அதாவது புதரை வெட்டி சுத்தம் பண்றதுன்னு எழுதுனா, வேலையை மேற்பாக்கற மேட்டு சொல்றபடி அடி மண்ணு வரைக்கும் செதுக்குறோம், நானும் செதுக்கியிருக்கேன், வேலை செஞ்சது கண்ணுக்குத் தெரியணுமே. இனி மண்வெட்டியால செதுக்காம அரிவாளால முழங்கால் உயரத்துக்கு அறுத்து விடலாமான்னு நாமளே மேட்டுகிட்ட கேக்கணும். இந்த வருசம் ஒரு பக்கம், அடுத்த வருசம் மறுபக்கம். மாசி வரைக்கும் பூக்கறதை விட்டுட்டு, ஆடிக்கு முன்னால அறுக்கலாம். அறுத்ததைக் குவிச்சுக் கொளுத்த வேண்டாம். மயிற்கொன்றை, துவரை மாதிரி செடியில ஒடிஞ்ச குச்சிக்குள்ள சோறு மாதிரி வெள்ளையா இருக்கும், அதைக் குடைஞ்சு உள்ள வரிசையா குஞ்சு வெக்கற எறும்பளவுத் தேனீக இருக்குது, நெருப்பு வெச்சா அதுவும் சேந்து போகும். ரோஜா இலையில, துவரை இலையில கத்தரிக்கோலால வெட்டுன மாதிரி வட்ட வட்டமா வெட்டியிருந்தா அது நோய் இல்ல, இலைவெட்டித் தேனீ தன் குஞ்சுக்கு இலையில தொட்டி கட்டக் கொண்டு போயிருக்குது. அதுக்கு மருந்தடிக்காதீங்க. துவரையில காய் பிடிக்கறதுக்கு வேலை செய்யறதுல அதுவும் ஒண்ணு.

மாந்தோப்புக்காரங்ககிட்டயும் க்ருஷி பவன் மூலமா ஒரு வார்த்தை சொல்லணும். மாம்பூவுக்கு ஈதான் அதிகம் வரும், தேனீயும் வரும். தத்துப்பூச்சிக்கு அடிக்கற மருந்தை பூ விரிஞ்சு நிக்கறப்ப காலை எட்டு ஒன்பது மணிக்கு அடிக்கறாங்க, காத்துல இட்டேரிப் பூவெல்லாம் நனையுது. மொட்டு விரியறதுக்கு முன்னால, இல்லைன்னா பொழுது சாஞ்சு அடிச்சா பாதி சேதம் குறையும். வேர் வழியா ஏறுற மருந்து மண்ணுலயே தங்கும், மண்ணுத் தேனீ அந்த மண்ணைத்தான் வாயால கடிச்சுத் தோண்டுது. இமிடாகுளோப்ரிட் உள்பட அந்த வகையில மூணு மருந்தை ஐரோப்பிய நாடுகள்ல 2018ல வெளிக்காட்டுல அடிக்கவே கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. எண்டோசல்பான் விசயத்துல காசர்கோட்டுக்காரங்க எத்தனை வருசம் கத்துனதுக்கு அப்புறம் 2011ல சுப்ரீம் கோர்ட்டு நிறுத்துச்சுன்னு நமக்கு மறந்திருக்காது.

மூங்கில் துண்டு கட்டி வெக்கற "தேனீ வீடு" ஸ்கூல் பிள்ளைக பண்ணுனதைப் பாத்தேன், சந்தோசம், அதுல தச்சன் தேனீயும் இலைவெட்டியும் வரும். மண்ணுத் தேனீக்கு மண்ணுதான் வேணும். அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல டூஷி (Touchet) பள்ளத்தாக்குன்னு ஒரு இடம், குதிரைமசால்ங்கற தீவனப் பயிரோட விதைக்குப் பேர் போனது. அங்க விவசாயிகளே மண்ணுத் தேனீக்குன்னு நிலம் ஒதுக்கி, உழாம, ஈரம் பாத்து, தலைமுறை தலைமுறையா வெச்சிருக்காங்க. அவங்களுக்கு விதை அதுல இருந்துதான் வருது. நாம நிலம் வாங்கி ஒதுக்க வேண்டியதில்ல, புறம்போக்கு இட்டேரி ஏற்கனவே இருக்குது.

இன்னொண்ணு. 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு பஞ்சாயத்துலயும் ஒரு கமிட்டியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்கணும். நம்ம பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாத்தேன், மரம், மீன், மாடு எல்லாம் இருக்குது, தேனீன்னு ஒரே வரி, குளவியே இல்ல, இட்டேரியும் இல்ல. அந்தப் பக்கத்தை எழுதறதுக்கு நான் வர்றேன், என் கூட அயல்கூட்டத்துல மூணு பேரு வர்றாங்க. எந்த மாசம் எந்தக் கரையில எத்தனை வளைன்னு ஒரு வருசம் எண்ணித் தர்றோம், கூலி வேண்டாம். இட்டேரின்னு ஒரு தலைப்பு போட்டு அது பதிவேட்டுல ஏறுனாப் போதும், நாளைக்கு யாரு எஸ்டிமேட்டு எழுதினாலும் அதைப் பாத்துட்டு எழுதட்டும்.

மேற்குக் கரையில, ரெட்டைப் பனைக்கு வடக்க, கிட்டத்தட்ட நாப்பது அடி தூரம் இன்னும் வளை இருக்குது. போன வாரம் எண்ணுனேன், 63. ஒவ்வொண்ணுக்குப் பக்கத்துலயும் சுண்ணாம்புல சின்னப் பொட்டு வெச்சிருக்கேன், தயவு செஞ்சு அளவு எடுக்க வர்றவங்க அது மேல கல்லு நட வேண்டாம். எஸ்டிமேட்டை மாத்தறதுக்கு முன்னால நீங்க எல்லாரும் ஒருக்கா வந்து பாக்கணும். காலையில ஒன்பதரைக்கு மேல, வெயில் கரை மேல விழுந்ததுக்கப்புறம் வாங்க, அதுக்கு முன்னால வந்தா எதுவும் வெளிய வராது. சாக்கு நான் எடுத்துட்டு வர்றேன், உக்காந்துதான் பாக்கணும். எந்த நாள்னு மெம்பர்கிட்ட சொல்லி விடுங்க, அன்னிக்கு நான் சந்தைக்குப் போகாம இருந்துக்கறேன்.

இப்படிக்கு,
இட்டேரிக்கு மேற்க கத்திரிக்காடு வெச்சிருக்கறவ